அமைதி காக்கச் சென்ற படை

சென்னையை அடுத்த அஸ்தினாபுரத்தில் வசிக்கும் நமக்கு மீனம்பாக்கம் விமான நிலையம் வெகு சமீபம். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு அங்கே வெடித்துச் சுமார் முப்பது பேரைப் பலிகொண்ட குண்டு, கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்கென்று ஈழ இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் கொண்டுவந்தது என்று தெரிந்தபோதே, அயல்நாட்டுக் கலகத்தில் கைவைத்தால் அது நம் ஊருக்கும் வந்து சேரும் என்பதை டில்லி உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை.

இலங்கையில் தமிழர்மீது நடந்த 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் ஈழ இயக்கங்களுக்கு ரகசியமாக ஆயுதமும் பயிற்சியும் அளித்த இந்திய சர்க்காரே, 1987 ஜூலை 29ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிரகாரம், அவ்வாயுதங்களைத் திரும்ப வாங்கித் தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. யுத்தம் செய்துகொண்டிருந்த விடுதலைப் புலிகளோ அதில் கையொப்பமிடவேயில்லை. அமைதி காக்க வந்த இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்ற யாழ்ப்பாணத்து ஜனங்கள், அக்டோபரில் அதே படை புலிகளுடன் போர் தொடங்கியதும், ஷெல்வீச்சுக்கு அஞ்சிக் கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒண்டினார்கள். தீபாவளியன்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கிகளுக்கு டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இரையானார்கள். இந்தக் கறையை எந்த ராஜதந்திர விளக்கமும் துடைத்துவிட முடியாது.

சிப்பாய்களுக்காகவும் நெஞ்சு கனக்கிறது. பாஷை தெரியாத ஊரில், யார் போராளி, யார் குடியானவன் என்று பிரித்தறிய வழியின்றிச் சுமார் 1,200 பேர் மாண்டார்கள். நமக்கு அருகே பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25ஆம் தேதி மார்பில் குண்டேந்தி வீழ்ந்தார். பரம்வீர் சக்கரம் பின்னர் வந்தது.

இலங்கையின் தெற்கே, இந்தியப் படையின் வருகையையே காரணமாகக் காட்டி சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. கிளர்ந்தது; கடைசியில் அடுத்த ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியரை வெளியேற்றும் பொருட்டுப் புலிகளுக்கே ஆயுதம் வழங்கினார். அந்நியச் சைனியம் ஒன்று நுழைந்துவிட்டால், அதுகாறும் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதை எதிர்ப்பதில் ஒன்றாகிவிடுகிறார்கள். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை பட்ட அனுபவமும் ஏறக்குறைய இதுவே.

1990 மார்ச் 24ஆம் தேதி கடைசித் துருப்புகள் திருகோணமலையிலிருந்து கப்பலேறின. சென்னையில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. ஜூனில் இலங்கை சர்க்காருக்கும் புலிகளுக்கும் மீண்டும் யுத்தம் மூண்டது. மறு வருஷம் மே 21ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

அந்த யுத்தங்களால் விரட்டப்பட்டு வந்து, இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழரை 2019ஆம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. படையனுப்பிய தேசம், விரும்புகிறவர்களுக்கேனும் பிரஜா உரிமை வழங்கியே தீரவேண்டும்; அதைக் கேட்கும் கடமை நம்முடையது.