மிடறும் ஒலிவாங்கியும்

இசைக் கருவிகளுள் மனிதன் தன் கையாற் செய்யாத கருவி மிடறு ஒன்றே. யாழ் வாசிப்போன் தன் நரம்பைக் கண்ணாற் காண்கின்றான். விரல் பிழைப்பின் அக்கணமே உணர்கின்றான். பாடுவோனோ தன் கருவியைக் காணான். அதனினும் வியப்பு யாதெனின், தன் குரல் பிறர் செவிக்கு எவ்வாறு சென்று சேர்கின்றது என்பதையும் அவன் உள்ளபடி கேட்பதில்லை. இக்குறையை நீக்குதற்கு ஒலிப்பதிவு எவ்வாறு துணைசெய்யும் என்பதையும், ஒலிப்பதிவு மட்டும் ஏன் போதாது என்பதையும், புத்தளம் மாவட்டக் கரையோரத்துப் பாடல் மரபொன்றைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குரலின் இயல்பு

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்களின் தோற்றத்தை விளக்குமிடத்து, உந்தியினின்று எழுங் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகின்றது என்பர். இன்றைய உடலியலும் ஏறக்குறைய இதனையே விரித்துரைக்கின்றது. நுரையீரற் காற்றுக் குரல்வளையிலுள்ள நாண்களை அதிரச் செய்கின்றது; தொண்டை, வாய், மூக்கு என்னும் அறைகள் அவ்வதிர்வுக்குத் தனித்தன்மை அளிக்கின்றன.

இவ்வொலி பிறர் செவிக்குக் காற்றின் வழியாகச் செல்கின்றது. பாடுவோன் செவிக்கோ காற்றோடு மண்டையோட்டு எலும்பும் ஒரு வழியாகின்றது. எலும்பின் வழி வருவதில் தாழ்ந்த அதிர்வுகள் மிகுதியாதலின், ஒவ்வொருவர்க்கும் தம் குரல் உள்ளதினும் கனமாகவும் நிறைவாகவும் கேட்கின்றது. பதிவான தம் குரலை முதன்முறை கேட்போர் இது தமதன்று என்று நாணுவதன் காரணம் இதுவே. கருவி பொய் சொல்லவில்லை. ஊரார் இதுகாறும் கேட்டு வந்ததையே அது பாடியவர்க்குங் கேட்பிக்கின்றது.

பதிவுக் கருவி தந்த மாற்றம்

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டுங் கருவியை ஆக்கினார். 1887இல் பெர்லினர் தட்டு முறையைக் கொணர்ந்தார். ஏறக்குறைய 1925 வரை பாடகர் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாடவேண்டியிருந்தது. மென்மையான ஒலி தட்டில் ஏறாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாடலாம். ஆதலின் நீண்ட ஆலாபனையைச் சுருக்கிச் செறிவாகப் பாடும் பழக்கம் தோன்றிற்று.

1925ஐ ஒட்டி மின்சார ஒலிவாங்கி பதிவுக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. ஒலிபெருக்கி பரவாத காலத்து நாடக மேடையிலே கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உச்ச சுருதியிற் பாடிப் புகழ்பெற்றவர் எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933). ஒலிவாங்கி வந்தபின் காதருகே பேசுவதுபோல மெல்லப் பாடுவதும் ஒரு கலையாயிற்று. திரையிசையும், 1970களில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வழி வளர்ந்த ஈழத்து மெல்லிசையும் இவ்வழியில் வந்தனவே. ஆகவே தற்காலப் பாடகர் இருவகைக் குரலையும் ஆளக் கற்றல் வேண்டும்.

பயிலும் முறை

முன்னாளிற் செல்வர்க்கே கிட்டிய பதிவுக் கருவி இன்று கைத்தொலைபேசியாய் மாணவர் பலரிடத்தும் உள்ளது. அதனைப் பயன்படுத்தும் முறை பின்வருமாறு.

முதலாவது, இடம். வெறுஞ் சுவர்கள் ஒலியை எறிந்து குழப்பும். பாயும் துணியும் தொங்கும் அறை நன்று. கருவி வாயினின்று ஒரு சாண் தொலைவிற் சற்றே பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். பகரத்தை ஒலிக்குங்கால் இதழ் பிரிந்து வெளிப்படுங் காற்று நேரே ஒலிவாங்கியைத் தாக்கின் வெடியோசை பதிவாகும்.

இரண்டாவது, சுருதி. ஆண்கள் பலர்க்கு ஒரு கட்டை முதல் இரண்டு கட்டை வரையும், பெண்கள் பலர்க்கு நாலரை முதல் ஆறு கட்டை வரையும் பொருந்தும். தமக்குப் பிடித்த திரைப்பாடகரின் சுருதியிலேயே பாட முயன்று தொண்டையை வருத்துதல் தகாது. சுருதிப் பெட்டியோடு சரளி வரிசையை மூன்று காலங்களிலும் பாடிப் பதிந்து, எக்காலத்தில் எந்தச் சுரம் தளர்கின்றது என்று நோக்குக.

மூன்றாவது, சொல். லகர, ளகர, ழகரங்களும் னகர, ணகரங்களும் வேறு வேறாகக் கேட்கின்றனவா? மூச்சு வாங்குமிடம் சொல்லை நடுவே பிளக்கின்றதா? பாடிய உடனே கேட்பின் நினைவு குறையை மறைக்கும்; மறுநாட் கேட்பதே நன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூன் முதலாய நிரல்கள் பிழைத்த சுருதியைத் தாமே திருத்துவன. தொழில்முறைப் பதிவில் அவற்றுக்கு இடமுண்டு. பயிலும் மாணவர்க்கோ அவை, கணக்கைத் தாமே செய்து விடையை மட்டும் எழுதித் தரும் நண்பனை ஒப்பன. விடை சரியாகும், மாணவன் கணக்கறியான்.

கடற்கரைக் குரல்

சிலாபத்துக்கு வடக்கேயுள்ள உடப்பு, திரௌபதை அம்மன் கோயிலாலும் ஆண்டுதோறும் நிகழுந் தீமிதிப்பாலும் பெயர்பெற்ற தமிழ்க் கடற்றொழிலூர். கரைவலை இழுக்குங்கால் பாடும் அம்பாப் பாடல் இவ்வூரார்க்குரிய செல்வங்களுள் ஒன்று. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் சேர்ந்து பாடிக் கயிற்றை இழுப்பர். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் நடையும் விரையும். இசையாசிரியர் மூன்று காலம் என்று கற்பிப்பதை உழைப்பே இங்குக் கற்பிக்கின்றது எனலாம்.

திறந்த வெளியில் ஒலியை மீட்டுத் தருஞ் சுவர் இல்லை. அலையோசையும் காற்றும் தாழ்ந்த குரலை விழுங்கிவிடும். ஆதலின் முன்பாட்டுக்காரர் வயிற்று மூச்சைத் தாங்கித் தெளிவும் கூர்மையும் உள்ள குரலாற் பாடுதல் வேண்டும். மனிதச் செவி ஏறக்குறைய விநாடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளை மிக எளிதில் உணரும். அப்பகுதி வலுத்த குரலே இரைச்சலைக் கடந்து செல்லும். அறையினுள் தொலைபேசிக்கு முன் மட்டும் பாடிப் பழகியவர் இவ்வாற்றலைப் பெறார். கரையில் மட்டும் பாடியவர் ஒலிவாங்கி முன் வந்தால் அவர் குரல் உடைந்து பதிவாகும். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது.

அண்மைக் காலத்தில் இலங்கைக் கரையோரத்துப் பல இடங்களில் கரைவலைக் கயிற்றை உழவு இயந்திரம் இழுக்கலாயிற்று. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டுவதில்லை. தொழில் எளிதாதல் நன்றே. ஆயின் தொழிலோடு பிறந்த பாட்டு, தொழில் மாறியபின் தானே நிலைக்கும் என்று எண்ணுதல் கூடாது. முதியோரின் பாடலைப் பதிந்து வைத்தால் சொல்லும் மெட்டும் எஞ்சும். மூச்சை அடக்கும் இடமும், கூட்டத்தை ஒருங்கே இழுக்கும் வேகமும் இளையோர் மிடற்றில் ஏறினால் மட்டுமே எஞ்சும்.

அவையேறல்

பதிவில் பிழைத்த அடியை மீண்டும் பாடலாம்; அவையிற் பாடிய அடியை மீட்க இயலாது. இடையில் தடுமாறினாலும் தாளம் விடாது தொடரும் மனவுறுதியை அவையே தரும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். அவ்வரங்குக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் இளங்கோவடிகள் வகுத்துரைக்கின்றார். பயிற்சிக்கு ஒரு காலமும் அரங்குக்கு ஓர் அளவும் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆகவே கரையோரத்து மாணவர் முதியோர் ஒருவரை அணுகி, அவர் இசைவோடு ஓர் அம்பாப் பாடலைப் பதிந்துகொள்க. தாமும் அதனைப் பாடிப் பதிந்து இரண்டையும் ஒப்புநோக்குக. குறை நீங்கியபின் பாடசாலை விழாவிலோ கோயில் முன்றிலிலோ ஒலிபெருக்கியின்றி ஒருமுறையும் ஒலிபெருக்கியோடு ஒருமுறையும் பாடுக. அம்முதியோரே அவ்வவையில் அமர்ந்து திருத்தஞ் சொல்வாராயின், அதனினும் சிறந்த தேர்வு மாணவர்க்கு வேறில்லை.