கயிற்றைப் பிடித்து வரும் வாடிக்கையாளர்

திருவதிகை சன்னதித் தெருவில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்தால் அவருடைய கைபேசி பேசிக்கொண்டே இருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்நீர் அழுத்த நோய் இரண்டு கண்ணின் பார்வையையும் கொண்டுபோய்விட்டது. ஆண்ட்ராய்டு கைபேசியிலேயே இலவசமாக வரும் டாக்பேக் என்கிற திரைவாசிப்பானை வைத்துத்தான் இப்போது செய்தி கேட்கிறார், மின்கட்டணம் கட்டுகிறார். விரல் எதன் மேல் படுகிறதோ அதை அது தமிழில் வாசிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும்.

போன தை மாதம் சென்னையில் இருக்கும் மகளுக்கு இரண்டு கிலோ முந்திரி அனுப்ப நினைத்தார். பண்ருட்டியை ஒட்டி வாழ்கிறவருக்கு முந்திரிக்கா பஞ்சம்? ஒரு கடையின் இணையதளத்தைத் திறந்தார். "படம், ஐ.எம்.ஜி. 4471" என்றது கைபேசி. விரலை நகர்த்தினால் "பெயரில்லாத பட்டன்". இன்னும் நகர்த்தினால் மறுபடியும் "பெயரில்லாத பட்டன்". முழுப் பருப்பா, பாதியா, உடைசலா, கிலோ என்ன விலை என்பதெல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருந்தன. படத்துக்குள் இருக்கும் எழுத்து அந்தக் கைபேசியின் காதில் விழாது. கால் மணி நேரம் தடவிப் பார்த்தார். "கடை திறந்துதான்டா இருக்கு, கல்லா எங்கன்னு சொல்ல ஆளில்ல" என்று சொல்லிவிட்டு வேறொரு கடைக்குப் போன் போட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் கடைக்காரருக்கு ஒரு வியாபாரம் கைவிட்டுப் போனது இன்று வரை தெரியாது. என்னை உறுத்துவது இதுதான். கடைவீதியில் படி ஏற முடியாமல் ஒருவர் திரும்பினால் முதலாளி கண்ணால் பார்த்துவிடுவார். ஒரு பலகையாவது எடுத்துப் போடச் சொல்வார். இணையத்தில் திரும்பிப் போகிறவர் சத்தமில்லாமல் போகிறார். பிரிட்டனில் 2019-இல் நடந்த 'கிளிக்-அவே பவுண்டு' ஆய்வு, இப்படி மாற்றுத்திறனாளிகள் ஒரு தளத்தை விட்டு இன்னொரு தளத்துக்கு எடுத்துப்போகும் தொகை ஆண்டுக்கு 1,710 கோடி பவுண்டு என்று கணக்கிட்டது. அவர்களில் பத்தில் ஒருவர்கூட அந்தக் கடைக்குப் புகார் எழுதுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர் எங்களுடையது. நாயன்மார் கதை நுழையாமல் இங்கே எந்தப் பேச்சும் முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் நினைவுக்கு வருபவர் திருவாரூர் தண்டியடிகள். பிறவியிலேயே பார்வையற்றவர். தூர்ந்துபோன கோயில் குளத்தை அகழ விரும்பினார். குளத்துக்குள் ஒரு தறிக்கட்டை, கரையில் ஒரு தறிக்கட்டை நட்டு, இடையில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார், தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். பொறுக்காதவர்கள் அந்தக் கயிற்றையும் தறியையும் பிடுங்கிப் போட்டார்கள் என்கிறது பெரியபுராணம்.

இணையப் பக்கத்திலும் அப்படி ஒரு கயிறு உண்டு. ஒரு பக்கத்தைத் திறந்ததும் உலாவி இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கண்ணுக்கு வண்ணமாக வரைந்து காட்டுவது. இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் என்ன, அது தலைப்பா, பட்டனா, எழுத வேண்டிய கட்டமா, டிக் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று கிளை கிளையாக ஒரு பட்டியல் போட்டு வைப்பது. திரைவாசிப்பான் முதலாவதைப் பார்ப்பதே இல்லை; இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்கிறது. வடிவமைப்பாளர் ஒரு பச்சைக் கட்டம் வரைந்து, அதைத் தொட்டால் பொருள் கூடைக்குள் போகும்படி செய்துவிடலாம். கண்ணுக்கு அது பட்டன். பட்டியலிலோ அது ஒன்றுமே இல்லை. உண்மையான பட்டனுக்கு உரிய குறியைப் போட்டு 'கூடையில் சேர்' என்று பெயர் எழுத ஒரே ஒரு வரி போதும். படத்துக்கு 'முழு முந்திரி, டபிள்யூ 320, ஒரு கிலோ' என்று விளக்கம் எழுத இன்னொரு வரி. 'வெப்எய்ம்' அமைப்பு 2025-இல் உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 சதவீதத்தில் ஏதோ ஒரு குறை இருந்தது. அந்தத் தளங்களை அமைத்தவர்கள் யாரும் வேண்டுமென்று கயிற்றைப் பிடுங்கியவர்கள் அல்ல. அங்கே ஒரு கயிறு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கயிற்றைப் பிடித்து வருகிறவர் சித்தப்பா மட்டுமல்ல. கூகுள் தேடுபொறியும் பக்கத்தின் அழகைப் பார்த்து மயங்குவதில்லை. எழுத்தையும் தலைப்பையும் பட விளக்கத்தையும் படித்துத்தான் பக்கம் எதைப் பற்றியது என்று முடிவு செய்கிறது. தமிழர்களுக்கு இது பட்டறிந்த பாடம். ஒருங்குறி பரவும் முன்பு ஆளுக்கொரு எழுத்துருவில் தளம் நடத்தினோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அழகாக அம்மாதான் தெரியும். உள்ளே கணினி வைத்திருந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்வையற்றவருக்கும் அது புரியவில்லை, தேடுபொறிக்கும் புரியவில்லை. எவ்வளவோ நல்ல எழுத்து அப்படித் தேடலில் சிக்காமலே கிடந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒருங்குறிக்கு மாறிய தளங்களைக் காதால் படிக்கவும் முடிந்தது, தேடிக் கண்டுபிடிக்கவும் முடிந்தது.

பிரிட்டனின் லீகல் அண்ட் ஜெனரல் காப்பீட்டு நிறுவனம் தன் தளத்தை எல்லோரும் அணுகும்படி திருத்தி எழுதியபோது, தேடுபொறி வழியாக வருகிறவர்கள் ஒரே நாளில் 25 சதவீதம் கூடினார்கள். போகப்போக அது 50 ஆனது. பராமரிப்புச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. டெஸ்கோ மளிகைக் கடையின் கதை இன்னும் நேரடியானது. அந்நாட்டின் பார்வையற்றோர் நிறுவனத்தோடு சேர்ந்து 2001-இல் எளிய தளம் ஒன்றை அமைத்தது. செலவு 35,000 பவுண்டு. அதன் வழியே பின்னர் வந்த விற்பனை ஆண்டுக்கு 1.3 கோடி பவுண்டைத் தாண்டியது. எந்த முந்திரி மண்டியிலும் இப்படி ஒரு லாபக் கணக்கைச் சொன்னால் முதலாளி எழுந்து உட்காருவார்.

பார்வையே இல்லாதவர்களைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் இதில் சேர்த்தியில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது உலகத் தரம். வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. இப்போது நாகரிகமாகப் போடுகிறார்களே வெள்ளையில் வெளிர் சாம்பல், அது பல தளங்களில் 3-ஐக்கூட எட்டாது. பண்ருட்டி பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில் நின்று அதைப் படித்துப் பாருங்கள்; நல்ல கண்ணுள்ளவருக்கும் வெறும் வெள்ளைத் திரைதான் தெரியும்.

சட்டமும் இப்போது கண்டிப்பாகிவிட்டது. அமில வீச்சில் கண் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், இமைத்துக் காட்டச் சொல்லும் மின்னணு அடையாளச் சோதனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மின்னணுச் சேவையை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. உடனே ஒட்டுப்போட்டுத் தப்பிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்த நிறுவனத்தை அமெரிக்க வணிக ஆணையம் அதே 2025-இல் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

அந்த முந்திரிக் கடைக்காரரின் மகன் எனக்குப் பழக்கம்தான். நான் ஒன்றும் விளக்கவில்லை. அவன் கைபேசியிலேயே டாக்பேக்கை முடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அவனுடைய கடையில் ஒரு கிலோ முந்திரி வாங்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது. அன்று இரவே ஏழு பட்டன்களுக்குப் பெயர் வைத்து, விலைப்பட்டியலைப் படத்திலிருந்து எழுத்துக்கு மாற்றினான். பொங்கலுக்குத் தவறியதைச் சித்தப்பா சித்திரையில் அங்கேயே வாங்கப் பார்த்தார். கூடை வரை தடங்கலில்லை. பணம் கட்டும் பக்கத்தில், குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கேட்டு முடித்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "இன்னும் ஒரு கட்டைதான்டா நடணும், அவன்கிட்ட சொல்லு" என்றார்.