ஜீப் செரோக்கியில் கையியக்கக் கியர்பெட்டியைத் தானியங்கியாக மாற்றுதல்

கியர்பெட்டி மாற்றம் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கியர்பெட்டியை வாகனத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு வகைப் பெட்டியைப் பொருத்தும் வேலையாகும். பாறை, மணல், சேறு, செங்குத்துச் சரிவு ஆகியவற்றில் ஓட்டப்படும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில் கையியக்கப் பெட்டிக்குப் பதிலாகத் தானியங்கிப் பெட்டியை வைப்பது பலரும் மேற்கொள்ளும் ஒரு மாற்றம். "கிளட்ச் மிதிப்பது மிச்சம்" என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கிளட்ச் போகும்போது அதனுடன் வேறு சிலவும் போகின்றன. ஏற்றத்தில் கிடைக்கும் ஆதாயத்துக்கு இறக்கத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை முன்னரே கணக்கிடாமல் வேலையைத் தொடங்குபவர்கள், வேலை முடிந்த பிறகு மலைச்சரிவில்தான் அதை அறிகிறார்கள்.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு, எக்ஸ்ஜே என்ற குறியீட்டால் அறியப்படும் ஜீப் செரோக்கி. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் இதை 1984ஆம் ஆண்டு மாடலாக அறிமுகப்படுத்தியது. 1987இல் கிரைஸ்லர் அந்நிறுவனத்தை வாங்கிய பின்னரும் அமெரிக்காவில் 2001 வரை இது தயாரிக்கப்பட்டது. 1987 மாடல் முதல் இதில் 4.0 லிட்டர், வரிசை 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. ஒரே உடல், ஒரே இன்ஜின். பெட்டி மட்டும் இருவகை. ஆகவே தேவையான ஒவ்வொரு உறுப்பும் ஏதோ ஒரு பழைய செரோக்கியில் தொழிற்சாலையே செய்து வைத்ததாக இருக்கிறது. புதிதாகக் கடைந்து செய்யவேண்டியது மிகக் குறைவு.

இரண்டு பெட்டிகள்

1989 முதல் 1990களின் இறுதி வரை 4.0 லிட்டர் செரோக்கியில் வந்த கையியக்கப் பெட்டி ஏஎக்ஸ்-15. ஐந்து வேகங்கள் கொண்டது. தானியங்கிப் பெட்டி ஏடபிள்யூ4. நான்கு வேகங்கள் கொண்டது. இரண்டுமே ஜப்பானின் ஐசின் குழுமத்தில் பிறந்தவை. ஏடபிள்யூ4 பெட்டி, டொயோட்டா வாகனங்களில் பரவலாகப் பயன்பட்ட ஏ340 வகையின் நெருங்கிய உறவு. நல்ல எண்ணெயும் குளிர்ச்சியும் கிடைத்தால் நெடுங்காலம் உழைக்கும் என்று பெயர் பெற்றது.

ஏஎக்ஸ்-15 மோசமான பெட்டி அன்று. குறை இருந்தது அதன் கிளட்ச் அமைப்பில். 1993 வரை கிளட்ச்சை அழுத்தும் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்கின் உள்ளேயே இருந்தது. அது ஒழுகினால், கையளவு உறுப்பை மாற்றுவதற்காகப் பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். 1994 முதல் அதை வெளியே கொண்டுவந்தார்கள். பெட்டியை எப்படியும் இறக்கத்தானே போகிறோம் என்ற நிலையில்தான் சிலருக்குத் தானியங்கி எண்ணமே தோன்றுகிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இடது காலை இழந்தவர்களுக்கும் இது வசதி பற்றிய கேள்வி அன்று. தொடர்ந்து ஓட்ட முடியுமா என்பதே கேள்வி.

டார்க் கன்வெர்ட்டர் செய்யும் வேலை

கையியக்கப் பெட்டியில் இன்ஜினையும் கியரையும் இணைப்பது கிளட்ச் தட்டின் உராய்வு. பாறைமேல் ஏறி நின்று, மறுபடி அங்குலம் அங்குலமாக நகர வேண்டுமென்றால் கிளட்ச்சைப் பாதி விட்டுப் பிடிக்க வேண்டும். அப்போது தட்டு தேய்கிறது, சூடாகிறது. அதே நேரத்தில் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றுதான். சற்றுத் தவறினால் இன்ஜின் நின்றுவிடும், வண்டி பின்னால் உருளும்.

தானியங்கியில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். ஓடாத விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் ஓடும் விசிறி நிற்காது. கன்வெர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டு விசிறிகளுக்கு நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது இன்ஜின் சுழலும் திசைக்கே திருப்பிவிடுகிறது. இதனால் வண்டி நின்றிருக்கும்போது இன்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெட்டிக்குள் செல்கிறது. வேகம் கூடக்கூட இந்தப் பெருக்கம் குறைந்து ஒன்றை நெருங்கும். ஓட்டுநர் இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்சிலரேட்டரையும் பிடித்துக்கொண்டு வண்டியைப் பாறைமேல் நிறுத்தி வைக்கலாம், இன்ஜின் நிற்காது.

காகிதக் கணக்கு

ஊர்ந்து செல்லும் திறனை அளக்க மூன்று விகிதங்களைப் பெருக்குவார்கள்: முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை, ஆக்சில். ஏஎக்ஸ்-15இன் முதல் கியர் 3.83. செரோக்கியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாழ்நிலை 2.72. கையியக்க 4.0 லிட்டர் வண்டிகளில் வழக்கமாக வந்த ஆக்சில் விகிதம் 3.07. பெருக்கினால் ஏறத்தாழ 32. அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற இன்ஜின் 32 முறை சுற்றுகிறது.

ஏடபிள்யூ4இன் முதல் கியர் 2.80 மட்டுமே. மற்ற இரண்டும் மாறாவிட்டால் பெருக்கற்பலன் 23.4 தான். கால் பங்குக்கு மேல் இழப்பு. ஆனால் ஏறும்போது கன்வெர்ட்டர் இரண்டு மடங்கு ஆக்குவதால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் அது 47க்கு இணையாகிறது. எனவே ஏற்றத்தில் தானியங்கி வெல்கிறது. இறக்கத்தில் கன்வெர்ட்டர் எதையும் பெருக்குவதில்லை, அங்கே 23.4 என்பது 23.4 ஆகவே நிற்கிறது.

தொழிற்சாலைக்கு இது தெரியும். தானியங்கிப் பெட்டி வைத்த செரோக்கிகளுக்குப் பெரும்பாலும் 3.55 ஆக்சில் கொடுத்தார்கள். அதனால் தாழ்நிலை முதல் கியர் 27 ஆகிறது. 4.10 பற்சக்கரம் வைத்தால் 31, பழைய கையியக்க வண்டியின் அளவை ஏறக்குறையத் தொடுகிறது. பெட்டியை மட்டும் மாற்றி 3.07ஐ அப்படியே விட்டவர்கள் பெரிய டயரும் போட்டிருந்தால், நெடுஞ்சாலையில் நான்காவது கியரின் 0.75 விகிதத்தில் இன்ஜின் திணறுவதையும், பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தத்தளிப்பதையும் காண்பார்கள். ஆக்சில் விகிதத்தை மாற்றினால் முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று 3.07, மற்றது 3.55 என்றால் நான்கு சக்கர இயக்கத்தில் முன்பாகமும் பின்பாகமும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து உடைத்துக்கொள்ளும்.

கழற்றுவதும் பொருத்துவதும்

பெட்டியைத் தனியாக வாங்குவதைவிட, ஓடுகிற தானியங்கிச் செரோக்கி ஒன்றை முழுதாக வாங்கிப் பிரிப்பதே சிக்கனம். பெட்டி எளிதில் கிடைக்கும். கேபிள், தாங்கி, பிரேக் மிதி, ஒயர்க் கட்டு, நெம்புகோல் என்ற சில்லறைச் சாமான்களைத் தேடுவதில்தான் பணமும் நாட்களும் கரைகின்றன. பழைய வண்டி, மாற்றப்படும் வண்டியின் மாடல் ஆண்டுக்கு அருகில் இருப்பது நல்லது. கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையை அறியும் சென்சார் பெல் ஹவுசிங்கில் அமர்ந்து, ஃபிளைவீலில் உள்ள வெட்டுகளைப் படிக்கிறது. தானியங்கியில் ஃபிளைவீலுக்குப் பதிலாக வரும் மெல்லிய ஃபிளெக்ஸ்பிளேட்டிலும் அதே வெட்டுகள் இருக்க வேண்டும். 1990 வரையான வண்டிகளின் வெட்டுமுறை வேறு, 1991 முதல் வந்தவற்றின் வெட்டுமுறை வேறு. தவறானது அமைந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. குற்றம் பெட்டியில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகள் இரண்டும் நட்சத்திரத் தலை கொண்டவை. சாதாரண சாக்கெட்டைப் போட்டு முயன்று தலையை மழுக்கியவர்கள் ஏராளம்.

கையியக்கப் பெட்டியின் முனையைத் தாங்க கிராங்க் ஷாஃப்ட்டின் நடுவே ஒரு சிறிய பைலட் பேரிங் இருக்கும். கன்வெர்ட்டரின் மூக்கு அந்தக் குழிக்குள் உட்காருவதால் பேரிங்கை எடுத்தே ஆக வேண்டும். அதற்கென்று இழுப்பான் உண்டு. இல்லாதவர்கள் குழிக்குள் கிரீஸையோ ஈர ரொட்டியையோ திணித்து, பொருத்தமான தடியால் அடித்து, பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளி வெளியேற்றுவார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் இதுவும் பாஸ்கலின் விதிதான்.

மொத்த வேலையிலும் பெட்டியைக் கொல்லக்கூடிய கட்டம் ஒன்று உண்டு: கன்வெர்ட்டரைப் பெட்டிக்குள் அமர்த்துவது. அது ஒரே தள்ளலில் அமர்ந்துவிடாது. உள்ளே போகும் தண்டின் பற்கள், ஸ்டேட்டரைத் தாங்கும் குழாயின் பற்கள், எண்ணெய் பம்பைச் சுழற்றும் காதுகள் என மூன்றும் அடுத்தடுத்துப் பொருந்த வேண்டும். கன்வெர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு 'டக்' உணர்வு கையில் தெரியும். இரண்டு டக் கேட்டதும் முடிந்தது என்று நினைத்துப் பெட்டியை ஏற்றினால், பெல் ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டாமல் சிறிய இடைவெளியுடன் நிற்கும். அந்த இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூட முயல்வதுதான் பெரிய பிழை. கன்வெர்ட்டர் பம்பின் மேல் நசுங்கி, முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும். சரியாக அமர்ந்திருந்தால் இரண்டு முகங்களும் கையாலேயே ஒட்டும். அதன் பின்னரும் கன்வெர்ட்டர் கையால் சுற்றக்கூடியதாகவும், ஃபிளெக்ஸ்பிளேட்டிலிருந்து சற்று விலகியதாகவும் இருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பழைய வண்டியிலிருந்தே பயன்படுத்தலாம். ஆனால் அதற்குள் நுழையும் தண்டில் 21 பற்கள் கொண்டவையும் 23 பற்கள் கொண்டவையும் உண்டு. எண்ணிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளின் நீளத்தையும் பெட்டி ஏறிய பிறகு அளந்து சரிபார்க்க வேண்டும்.

கணினியும் கேபிளும்

ஏடபிள்யூ4 பாதி எண்ணெயாலும் பாதி மின்சாரத்தாலும் இயங்குகிறது. டாஷ்போர்டின் கீழே இதற்கெனத் தனிக் கணினி இருக்கிறது. வண்டியின் வேகம், ஆக்சிலரேட்டரின் திறப்பு, நெம்புகோலின் நிலை, பிரேக் மிதிப்பு ஆகியவற்றை அது அறிந்து, பெட்டிக்குள் உள்ள மூன்று சாலினாய்டுகளை இயக்குகிறது. இரண்டு கியரை மாற்றுகின்றன. மூன்றாவது கன்வெர்ட்டரைப் பூட்டுகிறது. ஸ்டார்ட்டர் ஒயர் இப்போது நெம்புகோல் நிலையை அறியும் ஸ்விட்ச் வழியாகச் செல்ல வேண்டும். அப்போதுதான் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். இதை நேரடியாக இணைத்து விட்டுவிட்டால், கியரில் இருக்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாயும். ஒரு மாலை நேர மிச்சத்துக்காகப் பட்டறையில் ஆளை நசுக்கக்கூடிய குறுக்குவழி இது.

த்ராட்டிலிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிளும் போகிறது. அது கியர் மாறும் நேரத்தை மட்டும் பற்றியதன்று. உள்ளே எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து உள்தட்டுகள் வழுக்கிக் கருகும்.

வெப்பம்

கன்வெர்ட்டரில் வழுக்கும் ஆற்றல் எல்லாம் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. நெடுஞ்சாலையில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதால் வழுக்கல் இல்லை. தாழ்நிலையில் ஊரும்போது பூட்டு விழுவதில்லை. முன்னிருந்து வீசும் காற்றும் இல்லை. மணலில் இது இன்னும் கடுமை. எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விரைவாகக் கெடத் தொடங்கும். கையியக்க வண்டியின் ரேடியேட்டரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் உட்பகுதி இருக்காது. ஆகவே தானியங்கிக்குரிய ரேடியேட்டரும், அதற்கு முன்னால் தனிக் குளிர்விப்பானும் வைப்பதே வழக்கம். பெட்டி எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை ஓட்டுநர் கண்ணெதிரே வைப்பது, பளபளக்கும் வேறெந்த உபரிச் சாமானையும்விடப் பயன் தரும். காலியான பெட்டியும் கன்வெர்ட்டரும் சேர்ந்து சுமார் 8 லிட்டர் எண்ணெய் கொள்ளும். அளவை இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் சூடான பிறகே பார்க்க வேண்டும்.

இறக்கத்தில்

செங்குத்தான இறக்கத்தில் கையியக்க வண்டி, முதல் கியரில் இன்ஜினின் தடுப்பாலேயே 32 மடங்கு பிடிப்புடன் இறங்கும்; பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது. தானியங்கியில் விகிதமும் குறைவு, நடுவே எண்ணெய் வழுக்கலும் உண்டு. போதாததற்கு, நெம்புகோலை 1-2 நிலையில் வைத்தாலும் வேகம் கூடியதும் கணினி இரண்டாவது கியருக்கு மாற்றிவிடும். அப்போது பிடிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஈரப் பாறையில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்று வழுக்கும். வழுக்கும் சக்கரத்துக்குத் திசை தெரியாது.

ஏடபிள்யூ4இன் அமைப்பிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. கணினிக்கு மின்சாரம் நின்றாலும் வண்டி வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காக, சாலினாய்டுகள் செயலற்ற நிலையிலும் நெம்புகோலுக்கு ஏற்ப ஒரு கியர் கிடைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்: 1-2 நிலையில் முதல் கியர், 3 நிலையில் மூன்றாவது, டி நிலையில் நான்காவது. ஆகவே செரோக்கி ஓட்டுநர்கள் சிலர் கணினியின் மின்வரத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்கிறார்கள். இறக்கத்தின் தலையில் வண்டியை நிறுத்தி, நெம்புகோலை 1-2க்குக் கொண்டுவந்து, ஸ்விட்ச்சை அணைத்தால் முதல் கியர் மாறாமல் நிற்கும். ஆனால் ஓடும் வேகத்தில் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு நெம்புகோலை 1-2க்கு இழுத்தால், தடுக்கக் கணினி இல்லாததால் முதல் கியர் உடனே விழும்; இன்ஜின் எல்லை மீறிச் சுழலும், பின்சக்கரங்கள் பிடியை இழக்கும்.

இன்னொன்றும் கையியக்கத்தோடு போய்விடுகிறது. பேட்டரி இறந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஏனெனில் எண்ணெய் பம்பைச் சுழற்றுவது இன்ஜின் மட்டுமே. தானியங்கிக்கு மாறிய பின் தொலைவான பாதைகளுக்குத் தனியாகச் செல்பவர்கள், கிளட்ச் மிதி இருந்த காலத்தில் தேவைப்படாத இரண்டாவது பேட்டரியையோ ஜம்பர் கேபிளையோ கூட எடுத்துச் செல்கிறார்கள்.