கேள்விப் பெட்டி எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்?

பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, பற்று வரவு எழுதுவது எல்லாம் இன்று நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டரில்தான். இரவு கடை அடைத்த பின் அன்றைய கணக்கை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவைக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட், அதாவது செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய கட்டளைத் தொகுப்பு, எழுதி வாங்கியும் வைத்திருக்கிறோம். அதில்தான் ஒரு சங்கடம். "நகல் எடுக்கலாமா?" என்று திரையில் ஒரு பெட்டி வருகிறது. டயலாக் பாக்ஸ் என்பது இதைத்தான். பொத்தானை அழுத்தக் கடையில் ஆள் இல்லை. பெட்டி விடிய விடிய நிற்கிறது, நகல் எடுக்கப்படுவதில்லை. டிஸ்க் பழுதாகும் நாளில்தான் இது வெளியே தெரியும். அன்றைக்கு யாரிடம் எவ்வளவு பாக்கி என்று சொல்ல நம் கையில் ஒன்றும் இராது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கு வழி உண்டு. விபிஸ்கிரிப்டில் வழக்கமாகப் போடும் மெசேஜ் பாக்ஸ் கட்டளைக்கு நேரக் கணக்கே கிடையாது. ஆள் வந்து அழுத்தும் வரை நிற்கும். அதற்குப் பதிலாக விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டில் உள்ள பாப்அப் என்ற கட்டளையைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அதற்குக் கேள்வி, எத்தனை நொடி, தலைப்பு, எந்தப் பொத்தான்கள் என நான்கு விவரங்களை இந்த வரிசையில் தர வேண்டும். இரண்டாம் இடத்தில் 20 என்று எழுதினால் 20 நொடியில் பெட்டி தானே மூடிக்கொள்ளும். 0 என்று எழுதினாலும், எழுதாமல் விட்டாலும், பழைய கதைதான்.

அளவையும் கவனிக்க வேண்டும். பாப்அப் கணக்கு நொடியில். அதே ஸ்கிரிப்டில் வேலையைச் சற்று நிறுத்திவைக்கும் ஸ்லீப் கட்டளைக்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அளவு. அந்தப் பழக்கத்தில் 10 நொடிக்காக பாப்அப்பில் 10000 என்று எழுதினால் பெட்டி 2 மணி 46 நிமிடம் 40 நொடி நிற்கும். கிராமையும் கிலோவையும் மாற்றிப் போட்டது போல.

இதைவிட முக்கியமானது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது. "ஆம்" அழுத்தினால் ஸ்கிரிப்டுக்கு 6 என்ற எண் கிடைக்கும். "இல்லை" என்றால் 7. யாரும் தொடாமல் நேரம் முடிந்தால் கிடைப்பது -1. "பழைய ஆண்டுப் பேரேட்டை அழிக்கலாமா?" என்று ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் "7 வந்தால் நிறுத்து, மற்றபடி அழி" என்று எழுதியிருந்தால், முதலாளி டீ குடிக்கப் போயிருக்கும்போது பேரேடு போய்விடும். -1 என்பது 7 அல்லவே! "6 வந்தால் மட்டும் அழி" என்றுதான் இருக்க வேண்டும். நகல் எடுக்கும் பெட்டிக்கு இது நேர்மாறு. அங்கே பதில் இல்லையென்றால் எடுத்துவிடு என்பதே நமக்கு நல்லது. அழிக்கும் கேள்விக்கு நேரமே வைக்கக் கூடாது, ஆள் வரும் வரை நிற்கட்டும் என்பது எங்கள் கருத்து.

எக்செல் மேக்ரோவுக்குள்ளிருந்து பாப்அப்பை அழைத்தால் சில சமயம் சொன்ன நொடியில் மூடுவதில்லை. அதை நம்பி இரவு வேலையை விட வேண்டாம். விபிஸ்கிரிப்டை விண்டோஸிலிருந்து படிப்படியாக விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. ஆகவே புதிதாக எழுதச் சொல்வோர் பவர்ஷெல்லில் எழுதச் சொல்லலாம். இதே பாப்அப்பை அதிலிருந்தும் அழைக்க முடியும்.

ஸ்கிரிப்ட் எழுதித் தருபவர் கூலி வாங்கிப் போகுமுன் அவர் எதிரிலேயே ஓட்டச் சொல்லுங்கள். முதல் தடவை "ஆம்", அடுத்து "இல்லை", மூன்றாம் தடவை யாரும் கை வைக்காமல் பெட்டி தானே மூடும் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். பிறகு நகல் டிஸ்க்கைத் திறந்து இன்றைய தேதிக் கணக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.