ஒரே ஸ்பீக்கர்... நூறு காதுகள்! உங்களுக்கு அந்தப் பாட்டு ஏன் பிடிக்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில், கரன்ட் இருக்கிற நேரமெல்லாம் இரண்டு சத்தங்கள் இருக்கும். ஒன்று மெஷின். இன்னொன்று பாட்டு. ஓவர்லாக்கும் ஃபிளாட்லாக்கும் விட்டுவிட்டு உறுமும். அந்த இடைவெளிகளில், சுவரில் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து யாரோ ஒருவர் பாடிக்கொண்டிருப்பார். மெஷின் சத்தத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. பாட்டைப் பற்றித்தான் தினமும் பஞ்சாயத்து. "அண்ணா, இதையே எத்தனை தடவை போடுவீங்க? மாத்துங்கண்ணா!"

ஒரு ஹாலில் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர் தேனிப் பக்கத்திலிருந்து முப்பது வருடங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வந்தவர். அவருக்குக் கைமடியாக நிற்கும் பெண்ணுக்கு 20 வயதுகூட ஆகவில்லை. செக்கிங்கில் பிசிறு வெட்டும் அக்காவுக்கு அவிநாசி. அயர்ன் டேபிளில் ஒடிசாக்காரர். பேக்கிங்கில் பீகாரிலிருந்து போன மாதம்தான் ரயிலிறங்கிய பையன். இந்த நூறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில் பழைய இளையராஜா பாட்டு ஒன்று வருகிறது. டெய்லரின் தலை தானாக ஆடுகிறது. கைமடிப் பெண் 'ஐயோ' என்று முகத்தைச் சுளிக்கிறாள். பீகார் பையனுக்கு அது மெஷினோடு சேர்ந்த இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

பாட்டு ஒன்றுதான். மெட்டு, தாளம், குரல் எல்லாம் நூறு பேருக்கும் அதேதான். பிறகு ஏன் ஒருவருக்குத் தேனாகவும் இன்னொருவருக்கு வேம்பாகவும் இருக்கிறது?

இருபதில் ஒட்டிக்கொள்வது

1989-ல் அமெரிக்காவில் மாரிஸ் ஹால்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். வெவ்வேறு வயதுக்காரர்களைக் கூப்பிட்டு, வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான பாடல்களின் துண்டுகளைப் போட்டுக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மார்க் போடச் சொன்னார்கள். அவரவர் 23, 24 வயதை ஒட்டி இருந்த காலத்தில் வந்த பாடல்களுக்குத்தான் அதிக மார்க் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சில, இந்த உச்சத்தைப் பதின்பருவத்துக்கே கொண்டுபோகின்றன. எப்படிப் பார்த்தாலும் சுமார் 15-லிருந்து 25 வரைக்குமான பத்து வருடங்கள். முதல் காதல், முதல் சம்பளம், வீட்டை விட்டு முதல்முறை வெளியே வந்து தனியாகத் தூங்கிய இரவு எல்லாம் அந்தப் பத்து வருடங்களுக்குள்தான் வருகின்றன. அப்போது காதில் விழுந்த பாட்டும் அவற்றோடு சேர்ந்து நினைவில் ஒட்டிக்கொள்கிறது.

இதைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். திருப்பூர் ஆட்களை எந்த வயதில் வேலைக்கு எடுக்கிறது? கிட்டத்தட்ட அதே வயதில்தான்! மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்களும் சரி, இன்று தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குபவர்களும் சரி, பெரும்பாலோர் மீசை அரும்பியும் அரும்பாத வயதில் வந்தவர்கள். வாழ்நாள் முழுக்க மனதில் தங்கப்போகிற பாட்டை, இவர்களில் பலர் கேட்டது சொந்த ஊரில் இல்லை. கம்பெனி ஹாலில், அடுத்தவர் தேர்ந்தெடுத்த பாட்டாகக் கேட்டார்கள்.

இன்று 55 வயதாகும் டெய்லருக்கு 1990-ல் 20 வயது. ஏற்றுமதி சூடுபிடித்து, ஊரே ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்த காலம். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியதும் அந்த 1990-ல்தான். 'அன்னக்கிளி' வந்து 14 வருடங்கள் ஆகியிருந்தன. 'ரோஜா' வர இன்னும் இரண்டு வருடங்கள் இருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் இளையராஜா. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு காசெட் கடைக்குப் போய், பிடித்த பாட்டையெல்லாம் சீட்டில் எழுதிக்கொடுத்து, அறுபது நிமிடமா, தொண்ணூறு நிமிடமா என்று கேட்டுப் பதிவு செய்து வாங்கிய தலைமுறை அது. இளையராஜாவின் பண்ணைப்புரமும் தேனி மாவட்டம்தான். அங்கிருந்து வந்த ஒரு டெய்லருக்கு அந்த மெட்டுகள் சினிமாப் பாட்டு மட்டும் இல்லை, விட்டுவந்த ஊரின் வாசனையும்தான். பக்கத்து டேபிளில் இருக்கும் 35 வயதுக்காரருக்கு அந்த இடத்தில் யுவனும் ஹாரிஸ் ஜெயராஜும் இருக்கிறார்கள். 'எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?' என்று இருவரும் சொல்வது இசையைப் பற்றிய தீர்ப்பு என்பதைவிட, தங்கள் இருபது வயதைப் பற்றிய ஏக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வரப்போகும் புல்லாங்குழல்

சரி, நினைவு மட்டும்தானா? இல்லை. பிடித்த பாட்டு ஓடும்போது, இப்போது சரணம் முடியும், அடுத்து புல்லாங்குழல் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது வருவதற்கு ஒரு நொடி முன்பே உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடுகிறதல்லவா? கனடாவின் மான்ட்ரியல் நகரில் வலோரி சாலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் இதை மூளை ஸ்கேனில் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் மூளையில் டோபமைன் சுரக்கிறது. அதற்கு முந்தைய எதிர்பார்ப்பின்போதும் சுரக்கிறது, ஆனால் மூளையின் வேறொரு பகுதியில். பசியோடு இருக்கும்போது தாளிக்கிற வாசனை வருமே, அதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு மாதிரி.

எதிர்பார்க்க வேண்டும் என்றால் பாட்டு ஓரளவு பழகியிருக்க வேண்டும். அடிக்கடி கண்ணில், காதில் படுவதே ஒன்றைப் பிடிக்க வைக்கும் என்று 1968-லேயே ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் காட்டினார். புதுப் பாட்டு முதல் தடவை 'சுமார்'. ஐந்தாவது தடவை 'பரவாயில்லை'. பதினைந்தாவது தடவை நாமே முணுமுணுக்கிறோம். ஐம்பதாவது தடவை 'அண்ணா, மாத்துங்கண்ணா!' பழக்கம் ஓர் அளவைத் தாண்டினால் அலுப்பாகிவிடும். ஒருநாள் ஷிஃப்ட்டில் ஒரே ஹிட் பாட்டை ஆறு முறை கேட்பவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கூட இருப்பவர்களும் ஒரு காரணம். 2006-ல் மேத்யூ சால்கனிக் உள்ளிட்ட மூவர், யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். வந்தவர்களைப் பல கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்தில் எது அதிகம் டவுன்லோடு ஆனது என்று மட்டும் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் சக்கைப்போடு போட்ட பாட்டு இன்னொன்றில் காணாமல் போனது. மிக நல்ல பாடல்கள் அடியோடு விழவில்லை, மிக மோசமானவை உச்சிக்கு வரவும் இல்லை. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை எழுதியது பக்கத்து வீட்டுக்காரர்தான். ரீல்ஸில் ஒரே வாரத்தில் ஒரே பாட்டு எல்லோர் வாயிலும் வருகிறதே, அந்தச் சமாச்சாரம்.

போகிற போக்கில் ஒன்று. எந்தப் பாட்டும் எதுவும் செய்யாத மனிதர்களும் இருக்கிறார்கள். சாப்பாடு ருசிக்கும், பணம் சந்தோஷம் தரும், இசை மட்டும் ஒன்றும் செய்யாது. 2014-ல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பதிவு செய்தார்கள். காதிலோ மூளையிலோ கோளாறு என்று சொல்ல முடியாது, அமைப்பு அப்படி. உங்கள் ஹாலிலும் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணச் சொல்லும் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தால், சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுத்துவிடலாம்!

பாலைத்திணை பீகாரிலும் உண்டு

மீண்டும் அந்த பேக்கிங் பையனிடம் வருவோம். அவனுக்குத் தமிழ்ப் பாட்டு இரைச்சலாகக் கேட்பதும், அவன் போனில் ஓடும் போஜ்புரிப் பாட்டு நமக்கு அப்படிக் கேட்பதும் யாருடைய குற்றமும் இல்லை. காது பழகுவதைப் பொறுத்தது. பொலிவியக் காட்டில் சிமானே என்ற பழங்குடியினரிடம் ஜோஷ் மெக்டெர்மாட் குழுவினர் நடத்திய ஆய்வு 2016-ல் வந்தது. மேற்கத்திய இசையில் 'இனிமை' என்றும் 'உறுத்தல்' என்றும் பிரித்து வைத்திருக்கும் ஸ்வரச் சேர்க்கைகள் இரண்டுமே அவர்களுக்கு ஒரே மாதிரிதான் இனித்தன. அந்த உறுத்தல் பிறவியில் வந்ததில்லை, கேட்டுக் கேட்டுப் பழகியது என்பதுதான் அவர்கள் சொன்னது.

ஆனால், அந்தப் பையனின் பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். போஜ்புரியில் 'பிதேசியா' என்று ஒரு நாடகம் உண்டு. எழுதியவர் பிகாரி தாக்கூர் (1887-1971). முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்து, தானும் பிழைப்புக்காக வங்காளம் போனவர். கல்கத்தாவுக்குச் சம்பாதிக்கப் போன கணவன், ஊரில் காத்திருக்கும் மனைவி, வழிப்போக்கனிடம் அவள் சொல்லி அனுப்பும் சேதி என்று போகும் கதை. பொருள்வயின் பிரிவு! சங்கப் புலவர்கள் பாலைத்திணையில் பாடியதேதான். பிரிந்துபோனவனையும் காத்திருப்பவளையும் பற்றி அந்த மண்ணில் பாட்டுக்குக் குறைவே இல்லை. ஒடிசாக்காரரின் போனைக் கேட்டால் 'ரங்கபதி' இருக்கலாம். 1970களில் சம்பல்பூர் வானொலி வழியாகப் பரவிய சம்பல்பூரிப் பாட்டு. பாடிய ஜிதேந்திர ஹரிபாலுக்கு 2017-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தாளத்தைக் கவனித்தால் தூரம் இன்னும் குறையும். நம் கும்மிப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடையில், மூன்று மூன்றாகத் துள்ளி வரும். வடக்கே நாட்டுப்பாடல்களில் அடிக்கடி கேட்கும் தாத்ரா தாளத்துக்கு ஆறு மாத்திரை. அதுவும் மூன்று மூன்றாகத்தான் போகும். தொட்டிலை ஆட்டுகிற கணக்கு. வார்த்தை புரியாவிட்டாலும் தோள் ஆடுவதற்குத் தடை இல்லை.

தோள் ஆடுவது சின்ன விஷயமில்லை. இதற்குத் திருப்பூர், கோவை, ஈரோடு வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது: வள்ளி கும்மி. முருகன் - வள்ளி கதையை ஆசிரியர் பாட, கால் எடுத்துவைத்துக் கைதட்டி ஆடுகிற ஆட்டம். கோயில் திருவிழாக்களில் இப்போது நூற்றுக்கணக்கான பேர் ஒரே நிறச் சேலையிலும் சட்டையிலும் இறங்கி ஆடுகிறார்கள். ஒருகாலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியதில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்துக் கொண்டுவந்த கலைஞர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன். 2024-ல், 87 வயதில், பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பனியன் கம்பெனியில் வாரம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, அந்தப் பாட்டு உட்கார்ந்து கேட்டிருந்தால் இவ்வளவு பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். கூட நாற்பது பேர் ஒரே அடி வைக்கிறபோது பாட்டு உடம்புக்குள்ளே போய்விடுகிறது.

மெஷினோடு போட்டி

தொழிற்சாலைக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பது தனிக் கலை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1940 ஜூனில், பி.பி.சி. வானொலி ஆலைத் தொழிலாளர்களுக்காகவே ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. தினமும் இரண்டு முறை, அரை அரை மணி நேரம். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு வேண்டும், சத்தம் ஏறி இறங்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. கைதட்ட வைக்கும் ஒரு பாட்டை, தொழிலாளர்கள் ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் தாளம் தட்டுவார்கள் என்று பயந்து ஒதுக்கியும் வைத்தார்கள். தையல் ஹாலிலும் அதே கணக்குதான். மென்மையான வயலின் இடையிசையெல்லாம் ஓவர்லாக் சத்தத்தில் கரைந்துபோகும். எடுப்பான குரலும் தெளிவான அடியும் உள்ள பாட்டுதான் மெஷினைத் தாண்டி வந்து சேரும்.

இந்தப் போட்டியில் தோற்றவர்கள் இயர்போனுக்குப் போய்விட்டார்கள். மொழி தெரியாத பையன் காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுகிறான். அவன் பாட்டு அவனுக்கு. நல்லதுதானே என்றால், இரண்டு சங்கடங்கள். முதலாவது காது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்குள் கேட்பதுதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெஷின் இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்றால் வால்யூமை எங்கே வைப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது 'தீ' என்று கத்தினாலும் கேட்காது.

இரண்டாவது, அவனுக்கு இப்போது 20 வயது. அவன் மனதில் பாட்டு ஒட்டிக்கொள்கிற வருடங்கள் இவைதான், திரும்ப வராது. அந்த வருடங்களில் அவன் ஒரு தமிழ்ப் பாட்டைக்கூடக் கேட்காமல், பக்கத்து டேபிள் அக்கா அவன் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காமல் போவது இருவருக்கும் நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

ஸ்பீக்கரின் சாவி வைத்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு யோசனை. சனிக்கிழமை எப்படியும் சம்பள நாள், எல்லோரும் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்தைப் பங்கு போடுங்கள். இருபது நிமிடம் ஒடியா, இருபது நிமிடம் போஜ்புரி, இருபது நிமிடம் கைமடிப் பெண்கள் கேட்கும் புதுப் பாட்டு. முதல் வாரம் டெய்லர் அண்ணன் கட்டாயம் முகத்தைச் சுளிப்பார். ஸயான்ஸ் கணக்குப்படி, பதினைந்தாவது வாரம் வரைக்கும் பொறுத்துப் பாருங்கள்.