அனுப்பும் முன் ஒரு கேள்வி

2018 மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

அதே ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தின் கண்ணூரில் வேறொன்று நடந்தது. தடுப்பூசிப் புரளியால் திண்டாடிய மாவட்ட நிர்வாகம், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வகுப்புகளைத் தொடங்கியது. பெயர், 'சத்யமேவ ஜயதே'. யார் சொன்னது, ஆதாரம் என்ன, படம் பழையதா என்று கேட்கப் பழகுவதே பாடம். (கண்ணை மூடிக்கொண்டு ஃபார்வர்டு செய்வதில் பெரியவர்களும் சளைத்தவர்கள் அல்லவே!)

இங்கே மலையடிவார ஊரான தேவதானத்திலும் கைபேசி இருக்கிறது. சாலை விதி சொல்லித்தரும் பள்ளி, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பதையும் சொல்லித்தரலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோரே, பொய்ச் செய்தியை நம்பி இணைய மோசடியில் பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.