எந்த வெள்ளை உங்கள் வீட்டு வெள்ளை?

'வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்' என்று பேச்சை எடுத்தாலே போதும்... ஆளுக்கொரு கட்சி கிளம்பிவிடும். பெண்ணுக்கு ரோஸ் வேண்டும். பையனுக்கு நீலம். பாட்டிக்குப் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்தாலே திருப்தி. கடைசியில் வீட்டுக்காரர், "எதுக்கு வம்பு? பேசாம ஆஃப் ஒயிட் அடிச்சிடலாம். எல்லாத்துக்கும் பொருந்தும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

விஷயம் முடிந்தது என்கிறீர்களா? இனிமேல்தான் ஆரம்பமே! கடைக்காரர் ஷேட் கார்டை விரித்தால் ஆஃப் ஒயிட் வகையில் மட்டும் ஏகப்பட்ட கட்டங்கள். எல்லாம் அண்ணன் தம்பி ஜாடை. அவசரத்தில் ஒன்றைக் கைகாட்டிவிட்டு வந்து, அடித்து முடித்த பிறகு, "என்னங்க இது... கடையில பார்த்தப்போ வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, இங்க ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கே!" என்று அங்கலாய்ப்பவர்கள் எத்தனை பேர்!

சுவர் என்பது தினமும் மாற்றிக் கட்டும் புடவை இல்லை. ஒரு தடவை அடித்தால் ஐந்தாறு வருஷம் அதோடுதான் வாழ வேண்டும். அது வெறும் அழகு சமாச்சாரமும் இல்லை. தாத்தாவின் கண், குழந்தையின் உடம்பு, இழுப்புக்காரரின் மூச்சு எல்லாம் இதில் இருக்கிறது. ஆகவே, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பச்சரிசியும் புழுங்கலரிசியும்

ஒரு சின்ன சோதனை. ஒரு தட்டில் ஒரு பக்கம் பச்சரிசி, மறுபக்கம் புழுங்கலரிசி வையுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் 'வெள்ளை'தான். பக்கத்தில் வைத்தால்? பச்சரிசி பளீரென்று இருக்கும். புழுங்கலரிசியில் லேசான மஞ்சளும் பழுப்பும் தெரியும். அந்தப் புழுங்கலரிசியைத்தான் 'இதமான வெள்ளை' என்கிறோம்.

ஆஃப் ஒயிட் எல்லாமே வெள்ளையோடு இன்னொரு நிறத்தைத் துளியூண்டு கலந்ததுதான். மஞ்சள் கலந்தால் வெண்ணெய், தந்தம் மாதிரி இருக்கும். சிவப்பு எட்டிப்பார்த்தால் முட்டை ஓடு மாதிரி. பழுப்பு கலந்தால் மணல், பிஸ்கட் சாயல். இவை மூன்றும் இதமான பக்கம். நீலமோ, சாம்பலோ, பச்சையோ கலந்தால் குளிர்ந்த பக்கம்.

உள்ளே ஒளிந்திருக்கும் நிறத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஷேட் கார்டை ஒரு புது வெள்ளைத்தாளின் மேல் வையுங்கள். அசல் வெள்ளை பக்கத்தில் வந்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொரு வழி: கார்டில் ஒரே வரிசையில் வெளிறிய நிறத்திலிருந்து அழுத்தமான நிறம் வரை அச்சிட்டிருந்தால், அழுத்தமான கட்டத்தைப் பாருங்கள். அது கடுகு மஞ்சளா, செங்கல்லா, சாம்பலா? அதே நிறம்தான் உங்கள் வெள்ளைக்குள்ளும் இருக்கிறது.

வெளிச்சம் போடும் வேஷம்

சுவருக்குச் சொந்த நிறம் பாதிதான். மீதி, அதன் மேல் விழும் வெளிச்சம் தருவது.

வடக்கு ஜன்னல் அறைக்கு வருஷத்தின் பெரும்பகுதி நேர் வெயில் வராது. வானத்திலிருந்து வரும் நீல வெளிச்சம்தான். அங்கே பளீர் வெள்ளை அடித்தால் சுவர் சோகையாகத் தெரியும். மஞ்சள் சற்றுத் தூக்கலான வெள்ளை அங்கே எடுபடும். மேற்கு அறையில் நேர்மாறு. சாயங்கால வெயில் தானே மஞ்சளை அள்ளிக் கொட்டும். அங்கே கிரீம் அடித்தால் நாலு மணிக்கு மேல் மஞ்சள் அரைத்துப் பூசியது போல ஆகிவிடும். மணல் சாயல் போதும். கிழக்கு அறை காலையில் ஜொலிக்கும், மதியத்துக்கு மேல் மங்கும். அங்கே நீங்கள் அதிகம் புழங்குவது எந்த நேரம் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

தரையையும் மறக்கக் கூடாது. சிவப்பு சிமென்ட் தரையில் வெயில் பட்டால், சுவரின் கீழ்ப்பாதியில் ரோஸ் சாயல் ஏறும். ஏற்கெனவே சிவப்பு கலந்த வெள்ளையை அங்கே அடித்தால் இரட்டிப்பாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் பச்சை சாயல் வரும். எதிர் வீட்டுக்காரர் ஆரஞ்சு நிறம் அடித்திருந்தால், அவர் பங்கும் உங்கள் ஹாலுக்கு வந்து சேரும்!

அப்புறம் ராத்திரி. எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'கே' என்று ஒரு எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் கலந்த பால் வெளிச்சம். நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த 6500தான். இதில் இதமான வெள்ளை தன் இதத்தை இழந்து, சற்று அழுக்காகவே தெரியும். மஞ்சள் பல்பிலோ அதே சுவர் ஒரு படி கூடுதல் மஞ்சளாகும். ஆகவே முதலில் பல்பை முடிவு செய்யுங்கள், பிறகு பெயிண்ட். படுக்கை அறைக்கு மஞ்சள் பல்பே நல்லது. ராத்திரியில் நீலம் மிகுந்த பிரகாசமான வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும்.

சுவரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

தீப்பெட்டி அளவுக் கட்டத்தைப் பார்த்து நான்கு சுவருக்கு முடிவு செய்வதுதான் வம்பே. அறையில் ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டு, அது திரும்ப இங்கே பட்டு, கார்டில் பார்த்ததைவிட அழுத்தமாகிவிடும். இரண்டு நிறங்களுக்கு நடுவே தவிக்கிறீர்களா? ஒரு படி வெளிறியதை எடுங்கள்.

மூன்று நிறங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சின்ன டப்பாவாக வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசச் சொல்லுங்கள். இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஈரத்தில் நிறம் வேறு. ஜன்னல் சுவரில் ஒன்று, அதன் எதிர்ச் சுவரில் ஒன்று. காலை, உச்சி வெயில், விளக்கு வைத்த பிறகு... மூன்று வேளையும் பாருங்கள். முக்கியமாக, பழைய சுவர் பச்சையாக இருந்தால் அதன் நடுவே பூசிய வெள்ளை ரோஸாகத் தெரிந்து ஏமாற்றும். பிரைமர் அடித்து முடித்த பிறகு சோதித்துப் பார்ப்பது உத்தமம்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது மேடம்?" என்று பெயிண்டர் முணுமுணுப்பார். ஒரு நாள் தாமதம், ஐந்து வருஷ நிம்மதி!

வீட்டில் யார் யார்?

வயதாக ஆக, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. உள்ளே போகும் வெளிச்சமும் குறைகிறது. தாத்தா, பாட்டி இருக்கும் அறைக்கு வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தரும் நிறம் வேண்டும். பல கம்பெனி கார்டுகளில் 'எல்.ஆர்.வி.' என்ற எண் இருக்கும். கறுப்பு 0, முழு வெள்ளை 100. பெரியவர்கள் அறைக்கு 70-க்கு மேல் இருக்கட்டும்.

ஆனால் பளபளப்பு வேண்டாம். மினுமினுக்கும் சுவரில் ட்யூப் லைட் பட்டுத் தெறித்தால், புரை வளர்ந்த கண்ணுக்கு அது பெரிய உபத்திரவம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஆகாது. மேட் ஃபினிஷ் நல்லது.

இன்னொன்று: சுவர், கதவு, சுவிட்ச் போர்டு, கைப்பிடி எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் பார்வை மங்கியவர்களுக்கு எது எங்கே என்று தெரியாது. நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்து, தட்டுத் தடுமாறி விழுந்தால்? கதவு நிலையையும் தரையோர விளிம்பையும் அழுத்தமான பழுப்பில் அடித்துவிடுங்கள். வெள்ளைக்கும் எடுப்பாக இருக்கும்.

இழுப்பு, அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்ட், அதிலும் 'லோ வி.ஓ.சி.' என்று போட்டது நல்லது. டின்னர் ஊற்றிக் கலக்கும் எனாமலின் நெடி மூச்சைப் பிடிக்கும். 'வாசனையே இல்லை' என்ற விளம்பரத்தை நம்பி அன்றைக்கே உள்ளே படுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, ஃபேனை ஓடவிட்டு, நெடி அடங்க நாலைந்து நாளாவது கொடுங்கள். தீபாவளிக்கென்று ஐப்பசி மழையில் அடித்தால் ஜன்னலைத் திறக்க முடியாது, சுவரும் காயாது. தை முதல் பங்குனிக்குள் அடிப்பது புத்திசாலித்தனம்.

சுரண்டும்போது ஜாக்கிரதை!

புது வெள்ளைக்கு முன்னால் பழசைச் சுரண்ட வேண்டுமே... ஆபத்து அங்கேதான். முன்பெல்லாம் கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கும் எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் சேர்ப்பது உண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-ல் விதி கொண்டுவந்தார்கள். 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த கதவும் கம்பியும் உங்கள் வீட்டில் இருந்தால், சந்தேகப்படுவதே நல்லது.

உடம்பில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி பாதிக்கும். படிப்பில் மந்தம், ரத்தசோகை வரும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து கருவுக்கும் போகும். ஜன்னலோரம் விளையாடும் குழந்தை, பொடி ஒட்டிய விரலை வாயில் வைத்தாலே போதும்.

ஆகவே, பழைய எனாமலை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, நெருப்பு வைத்து உரிக்கவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தூளை அப்படியே சுருட்டி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் பறந்து வீடு முழுக்கப் பரவும், ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பாட்டி வீட்டுக்கோ, பக்கத்து வீட்டுக்கோ போய்விடட்டும். வேலை செய்பவருக்கு முகமூடி கொடுங்கள். அவர் வீட்டிலும் குழந்தை இருக்குமே!

ஓதம் இருந்தால்...

சுவரில் ஓதம் இருந்தால் எந்த வெள்ளையும் நிற்காது. கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை முளைக்கும். அது இழுப்புக்காரர்களுக்குப் பகை. அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போல. கசியும் குழாய், மொட்டை மாடி விரிசல் இவற்றை முதலில் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும்.

நம் பாட்டிமார் சொன்ன சுண்ணாம்பும் சும்மா இல்லை. அதன் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது, நெடியும் கிடையாது. துணியில் ஒட்டும், அடிக்கடி அடிக்க வேண்டும் என்பதுதான் குறை. ஸ்டோர் ரூமுக்கும் கொல்லைச் சுவருக்கும் இன்றைக்கும் தாராளமாக அடிக்கலாம். கண்ணில், கையில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடைக்குப் போகும் முன்...

* தரை டைல்ஸ், திரைச்சீலை, சோபா துணி இவற்றின் சின்னத் துண்டையோ உதிரி டைல்ஸையோ கையோடு கொண்டுபோங்கள். செல்போனில் பிடித்த படம் நிறத்தை ஏமாற்றும்.

* தந்த நிற டைல்ஸ் தரைக்கு மஞ்சள் தூக்கலான கிரீம் சுவர் சண்டை போடும். ஒன்று மஞ்சளானால் மற்றது சற்று வெளிறட்டும்.

* ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில், ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். வேறு டப்பாவில் நிறம் இம்மி மாறினாலும் வெள்ளையில் காட்டிக் கொடுத்துவிடும்.

* டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இல்லை என்ற வாசகம், தயாரிப்புத் தேதி இரண்டையும் பாருங்கள்.

* வெள்ளை எனாமல் நாளாக ஆக மஞ்சளாகும். வெளிச்சம் படாத இடத்தில் இன்னும் சீக்கிரம். கதவுக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளை என்று திட்டமிட வேண்டாம்.

* அரை லிட்டர் மிச்சம் பிடித்து, டப்பாவின் மேல் ஷேட் எண், அறையின் பெயர், தேதி எழுதி வையுங்கள். சின்னவன் சுவரில் படம் வரைந்தால் கைகொடுக்கும்!

மூன்று நிறங்களைச் சுவரில் பூசிவிட்டீர்களா? வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கண் மங்கிய தாத்தாவின் ஓட்டுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் போடுங்கள். நாள் முழுக்க அந்தச் சுவர்களுக்கு நடுவே இருக்கப்போவது அவர்தானே!